சுற்றுலா கேள்வி-பதில்: டிஸ்னி வேர்ல்டில் எங்கே தங்குவது?

கேள்வி: நியூஜெர்சியில் இருக்கிறோம். ஊரிலிருந்து அம்மாவும் அப்பாவும் வந்திருக்கிறார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி. எங்கள் 2 வயதுப் பையனையும் சேர்த்து 5 பேர். ஆர்லாண்டோ டிஸ்னி வேர்ல்டில் கன்டெம்பரரி, பாலினேசியன், கிராண்ட் ஃப்ளோரிடியன் என்ற மூன்று ஓட்டல்களில் எதை எடுக்கலாம்?

பதில்: கன்டெம்பரரியை எடுங்கள். மூன்றுமே மேஜிக் கிங்டம் பூங்காவுக்குப் போகும் மோனோரயில் (ஒற்றைத் தண்டவாள ரயில்) வழியில்தானே இருக்கின்றன என்று தோன்றும். ஆனால் அந்த ரயில் ஒரே திசையில்தான் சுற்றுகிறது: மேஜிக் கிங்டம், கன்டெம்பரரி, டிக்கெட் சென்டர், பாலினேசியன், கிராண்ட் ஃப்ளோரிடியன், மறுபடி மேஜிக் கிங்டம். கிராண்ட் ஃப்ளோரிடியனிலிருந்து காலையில் ஒரே ஸ்டாப்பில் பூங்காவுக்குப் போய்விடலாம். ராத்திரி வாணவேடிக்கை முடிந்து, தூங்கிவிட்ட பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பும்போது அதுதான் கடைசி ஸ்டாப். கன்டெம்பரரிக்கோ திரும்பும்போது முதல் ஸ்டாப். காலையில் அங்கிருந்து ரயிலேறினால் சுற்றிக்கொண்டு போகும். ஆனால் பூங்காவுக்கு நடைபாதையில் பத்து நிமிடம்தான், அம்மாவை வீல்சேரில் தள்ளிக்கொண்டே போய்விடலாம். மதியம் பையனைத் தூங்க வைக்க அறைக்கு வந்து போவதும் சுலபம்.

புக் செய்யும்போது ‘கார்டன் விங்’ மலிவாகத் தெரியும். அது தனிக் கட்டடம். ரயில் ஓட்டலின் முக்கியக் கட்டடமான டவருக்குள்தான் நிற்கும். ஒவ்வொரு முறையும் அங்கே வரை நடக்க வேண்டும். அம்மாவை நினைத்து அதை விட்டுவிடுங்கள்.

சாதாரண அறையில் உங்களுக்குப் படுக்க இடம் இருக்கும், ஆனால் நான்கு பெரியவர்களுக்கு ஒரே பாத்ரூம். சின்ன ஃப்ரிட்ஜும் காபி மேக்கரும் மட்டும்தான், மைக்ரோவேவ்கூட இருக்காது. கையில் காசு இருந்தால் பாலம் வழியாக டவரோடு இணைந்திருக்கும் பே லேக் டவரில் ஒரு பெட்ரூம் வில்லா எடுங்கள். இரண்டு பாத்ரூம், அடுப்போடு முழுச் சமையலறை, வாஷிங் மெஷின் உண்டு. அப்பா அம்மாவுக்கு ஒரு வேளை ரசம் சாதமாவது கொடுக்கலாம். பாயின்ட் கொடுத்து இந்த வில்லாக்களில் தங்கும் டிஸ்னி வெகேஷன் கிளப் உறுப்பினர்கள் தங்கள் பாயின்டை வாடகைக்கு விடுவார்கள்; அப்படி எடுத்தால் விலை நன்றாகக் குறையும். ஆனால் பயணம் ரத்தானால் பெரும்பாலும் பணம் திரும்பாது.

கேள்வி: பால்கனியிலிருந்து ஒட்டகச்சிவிங்கி பார்க்கலாம் என்று அனிமல் கிங்டம் லாட்ஜ் என்ற டிஸ்னி ஓட்டலைச் சொல்கிறார்களே?

பதில்: பார்க்கலாம், ‘சவானா வியூ’ (விலங்குகள் மேயும் புல்வெளியைப் பார்த்த அறை) என்று போட்டிருந்தால். ‘ஸ்டாண்டர்டு வியூ’வை மலிவு என்று எடுத்தால் பார்க்கிங் லாட்டைப் பார்த்துக்கொண்டுகூட உட்கார வேண்டியிருக்கும். பேரை வைத்து அனிமல் கிங்டம் பூங்காவுக்கு நடந்து போய்விடலாம் என்றும் எண்ண வேண்டாம், நடைபாதை கிடையாது. எங்கே போனாலும் பஸ்தான். பஸ்ஸில் ஸ்ட்ரோலரை மடிக்க வேண்டும்; மோனோரயிலில் அப்படியே உருட்டி ஏற்றலாம். இங்கே உள்ள பெரிய சௌகரியம் சாப்பாடு. கிடானி வில்லேஜ் கட்டடத்தில் இருக்கும் ‘சனா’ உணவகத்தில் நான் ரொட்டி வகைகளும் சட்னிகளும் வரிசையாக வரும். சைவம் சாப்பிடுபவர்கள் திண்டாட வேண்டியதில்லை.

கேள்வி: விலை உயர்ந்த ஓட்டலில் தங்கினால் பூங்காவில் கூடுதல் நேரம் கிடைக்குமாமே? பில்லில் மறைமுகக் கட்டணம் உண்டா?

பதில்: தினமும் அரை மணி முன்னதாக நுழையும் சலுகை டிஸ்னியின் மலிவு ஓட்டல்களுக்கும் உண்டு. விலை உயர்ந்த டீலக்ஸ் ஓட்டல்களுக்கு மட்டும் உள்ளது, பூங்காவில் சில நாள் இரவு கூடுதல் நேரம் இருக்கும் சலுகை. 2 வயதுப் பிள்ளையோடு அதற்காகக் காசு கொடுப்பது வீண். அறை வாடகைக்கு மேல் ஓட்டல்கள் தனியாகச் சேர்க்கும் ‘ரிசார்ட் ஃபீ’ கிடையாது. தங்குபவர்களுக்கு பார்க்கிங் 2023 முதல் இலவசம். வரி 12.5 சதவீதம். ஏர்போர்ட்டிலிருந்து வந்துகொண்டிருந்த இலவச பஸ்ஸை 2022 ஜனவரியில் நிறுத்திவிட்டார்கள், அந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள். டிக்கெட்டோடு பேக்கேஜாக எடுத்தால் முழுப் பணமும் திரும்ப 30 நாள் முன்பே ரத்து செய்ய வேண்டும். அறை மட்டும் என்றால் ஒரு வாரம் முன்பு செய்தாலே போதும். பையனுக்கு 3 வயது ஆகும்வரை பூங்கா டிக்கெட் வேண்டாம். பிறந்தநாள் நெருங்கினால் அதற்குள் போய்விட்டு வந்துவிடுங்கள்.