‘அபாயம் 50% குறையும்’ என்று ஆய்வு சொன்னால் அப்படியே நம்பலாமா?

எதில் 50% என்று முதலில் கேளுங்கள். மருந்து சாப்பிடாத 100 பேரில் 2 பேருக்கு மாரடைப்பு, சாப்பிட்ட 100 பேரில் ஒருவருக்கு என்று வைத்துக்கொள்வோம், இதுவும் பாதியாகக் குறைந்ததுதான், ஆனால் ஒருவர் தப்பிக்க 100 பேர் அந்த மாத்திரையை விழுங்க வேண்டும், பக்கவிளைவு அவர்களில் யாருக்கும் வரலாம். பலனைச் சதவீதத்திலும் பக்கவிளைவை ‘ஆயிரத்தில் சிலர்’ என்றும் எழுதியிருந்தால், பலன் பெரிதாகவும் பக்கவிளைவு சிறிதாகவும் தெரியட்டும் என்றுதானோ என எனக்கு உடனே சந்தேகம் வரும்.

அப்புறம், எதை அளந்தார்கள்? இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. மாரடைப்பு வந்தவர்களுக்கு இதயத்துடிப்பு தப்பினால் ஆபத்து என்பதால், அதை அடக்கும் ஃப்ளெகைனைடு, என்கைனைடு மாத்திரைகளை மருத்துவர்கள் நம்பிக் கொடுத்தார்கள். ஈசிஜியில் துடிப்பு சீரானதும் உண்மை. ஆனால் காஸ்ட் என்ற ஆய்வில், குலுக்கல் முறையில் ஒரு குழுவுக்கு மருந்தும் இன்னொரு குழுவுக்கு வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்த்தபோது, 1989-இல் வெளியான முதல் முடிவுப்படி மருந்து சாப்பிட்ட 730 பேரில் 56 பேர் இறந்திருந்தார்கள், வெற்று மாத்திரை சாப்பிட்ட 725 பேரில் 22 பேர்தான்.

அதனால் ‘ரத்தப் பரிசோதனை எண் இறங்கியது’ என்று மட்டும் சொல்லும் ஆய்வைப் பார்த்தால், ஆட்கள் கூடுதல் நாள் வாழ்ந்தார்களா, நோய்த் தொல்லை குறைந்ததா என்று தேடுங்கள். சாப்பிடும் மாத்திரையை மட்டும் தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள், இதே கேள்விகளை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.