வன்னியில் வீடும் ஓவியக்கூடமும் கட்ட எந்தப் புதிய பொருட்கள் சரிப்படும்?

கேள்வி கேட்டவர் கிளிநொச்சிப் பக்கம் ஒரு சிறிய வீடும், அதோடு சேர்த்து ஓவியமும் சிற்பமும் செய்ய ஒரு கூடமும் கட்டப்போகிறாராம். காளான் கல், கரி குறைந்த சீமெந்து, அழுத்திய மண் கல் என்று நிறைய வாசித்துவிட்டு, இவற்றில் எது இங்கே நிற்கும் என்று கேட்கிறார்.

நான் கிளிநொச்சியில் வீட்டுப் படம் கீறிக் கொடுத்து, கட்டி முடியும் வரை கூட நிற்கிற வேலையில் இருக்கிறேன். என் பதிலை முதலே சொல்லிவிடுகிறேன். சுவருக்கு மண் கல், மேலே காற்றோட இடைவெளி விட்ட இரட்டைக் கூரை. காளானைக் கூடத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள், சுவரில் வேண்டாம்.

எந்தப் புதிய பொருளைக் காட்டினாலும் நான் முதலில் கேட்பது, பழுதானால் யார் திருத்துவார்கள் என்றுதான். ஊரில் இருக்கிற மேசனும் தச்சரும், கையில் இருக்கிற கருவியோடு, சந்திக் கடையில் கிடைக்கிற சாமானைக் கொண்டு திருத்த முடியாத பொருள், எவ்வளவு பசுமையானது என்று பெயர் எடுத்திருந்தாலும் சில மாரிக்குள் குப்பையாகிவிடும். 2016 அளவில் வடக்கு கிழக்குக்கு 65,000 முன்தயாரிப்பு இரும்பு வீடுகள் என்று ஒரு திட்டம் வந்தது நினைவிருக்கலாம். ஒரு வீட்டுக்கு 20 லட்சம் ரூபாவுக்கு மேல் என்றார்கள். இந்திய வீட்டுத் திட்டத்தில் அதற்கு முன் ஒரு குடும்பத்துக்குக் கொடுத்தது 5 லட்சத்து 50 ஆயிரம். விலையை விடுங்கள். அந்த இரும்பு வீட்டில் பின்னால் ஒரு பத்தி இறக்க நினைத்தால் யாரைக் கூப்பிடுவது? கோடை வெயிலில் உள்ளே எப்படி இருப்பது? பொறியியலாளர்களும் கட்டடக் கலைஞர்களும் அப்போது கேட்டது இதைத்தான். நல்ல காலம், அந்த அளவில் அது நடக்கவில்லை.

சரி, மண் கல்லுக்கு வருவோம். சலித்த மண்ணோடு 5 முதல் 8 வீதம் சீமெந்து கலந்து, சிறிது ஈரமாக்கி, கை அழுத்தியில் வைத்து அமுக்கி எடுப்பதுதான் இது. சூளை இல்லை, விறகு இல்லை. கை அழுத்தியின் முன்னோடியான ‘சின்வா ராம்’ 1950களில் கொலம்பியாவில் உருவானது. நமக்குப் பக்கத்தில் புதுச்சேரியை அடுத்த ஆரோவில்லில் இருக்கிற மண் கட்டடக்கலை நிலையம் பல பத்தாண்டுகளாக இதைப் படிப்பிக்கிறது. இலங்கைக்கும் இது புதிதல்ல. சுனாமிக்குப் பிறகு ஜப்பானியக் கட்டடக் கலைஞர் ஷிகெரு பான் அம்பாந்தோட்டை மாவட்டத்துக் கிரிந்தவில் மீனவக் குடும்பங்களுக்குக் கட்டிய வீடுகள் மண் கல்லால் ஆனவை. இந்தக் கல்லுக்கு இலங்கைத் தர நிர்ணயமும் உண்டு, எஸ்.எல்.எஸ். 1382.

வன்னியில் இதன் பெரிய நன்மை மணலில்தான் தெரியும். சாதாரண சீமெந்துக் கல்லுக்கு மணல் வேண்டும். அந்த மணலுக்காகக் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஆற்றுப் படுக்கைகள் எப்படிக் கிடக்கின்றன என்று இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இரவிரவாக டிப்பர் ஓடுகிறது. கரை இடிகிறது, கிணற்றுத் தண்ணீர் கீழே போகிறது. செங்கல் என்றால் சூளைக்குக் காடு போகிறது. இரண்டையும் குறைக்கக்கூடிய சுவர் ஒன்று இருக்கும்போது அதைப் பற்றி இன்னும் உரக்கப் பேச வேண்டும் என்பது என் எண்ணம்.

ஆனால் எல்லா மண்ணும் ஆகாது. கல்லுக்கு ஏற்ற மண்ணில் பாதியளவு மணல், ஐந்தில் ஒரு பங்கு களி, மிச்சம் சிறு கல்லும் வண்டலும் இருக்க வேண்டும். வன்னியில் பல இடங்களில் உள்ள செம்மண்ணும் கிறவல் கலந்த மண்ணும் இதற்கு அருகில் வரும், கொஞ்சம் திருத்தினால் போதும். மன்னார்ப் பக்கம் முருங்கனின் கருங்களி வேறு கதை. நெல்லுக்கு அருமையான மண், ஆனால் ஈரத்தில் ஊதிக் கோடையில் பிளக்கும். அதில் கல் அடித்தால் காயும்போதே வெடிக்கும். கடற்கரை மணலில் களியே இருக்காது, கல் பிடிக்காது.

வீட்டிலேயே சோதிக்கலாம். கண்ணாடிப் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு மண் போட்டு, தண்ணீர் நிரப்பி, ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் குலுக்கி வையுங்கள். ஒரு நிமிடத்துக்குள் அடியில் தங்குவது மணல். அடுத்த சில மணித்தியாலத்தில் தங்குவது வண்டல். அடுத்த நாள் மேலே மெல்லியதாகப் படிந்திருப்பது களி. பிறகு 60 சென்ரிமீற்றர் நீளம், 4 சென்ரிமீற்றர் அகலம், அதே ஆழத்தில் ஒரு பலகைப் பெட்டி அடித்து, குழைத்த மண்ணை நிரப்பிக் காய விடுங்கள். எவ்வளவு சுருங்குகிறதோ அவ்வளவுக்குச் சீமெந்து கூட வேண்டும், அல்லது மணல் கலந்து திருத்த வேண்டும். மேல்மண்ணை எடுக்க வேண்டாம். அது மரத்துக்கும் தோட்டத்துக்கும் உரியது, அதில் உள்ள இலைதழை கல்லையும் பலவீனமாக்கும். கீழ்மண் எடுத்த குழியை மழைநீர் தேக்கும் சிறு குளமாக விட்டுவிடலாம். இன்னொன்று, இது நம் ஊருக்கே உரிய கவலை: மிதிவெடி அகற்றிய சான்று உள்ள காணியா என்று உறுதி செய்யாமல் எங்கும் தோண்ட வேண்டாம்.

காலமும் முக்கியம். நமக்கு மழை ஐப்பசியில் தொடங்கி மார்கழி, தை வரை. மாசி, பங்குனியில் குளத்திலும் கிணற்றிலும் தண்ணீர் இருக்கும், வானம் வெளித்திருக்கும். அப்போது கல் அடித்து, நிழலில் அடுக்கி, தறப்பாளால் மூடி 28 நாள் ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும். ஆவணியில் அடித்தால் நனைக்கத் தண்ணீருக்கு எங்கே போவது?

முதல் தடவை மண் கல்லைப் பார்த்த ஒரு மேசன் அண்ணை என்னிடம் கேட்டார்: “தங்கச்சி, பூசாமல் விட்டால் மாரிக்குக் கரையாதோ?” நல்ல கேள்வி. நன்றாகப் பதமான கல்லை இரவு முழுக்க வாளித் தண்ணீருக்குள் போட்டு வைத்தோம். காலையில் விளிம்பு கூர்மையாகவே இருந்தது. அதன் பிறகு அவருக்கு நான் எதுவும் விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் சுவரில் நேரே மழை அடிக்க விடக்கூடாது. தாழ்வாரம் மூன்று அடியாவது வெளியே நீள வேண்டும், கீழே கருங்கல் அத்திவாரம் உயர்ந்து நிற்க வேண்டும். எவ்வளவு உயரம் என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. 2018 மார்கழி வெள்ளம் உங்கள் காணியில் எதுவரை ஏறியது என்று அயலில் உள்ள அம்மாமாரைக் கேளுங்கள், அதற்கு மேலே ஒரு அடி வையுங்கள்.

அப்புறம் கூரை. வன்னியில் வெப்பம் சுவரால் வருவதைவிடக் கூரையால்தான் அதிகம் வருகிறது. வெறும் தகரத்துக்குக் கீழே மத்தியானம் யாரும் இருக்க முடியாது. அஸ்பெஸ்ரஸ் சீற் மலிவு என்பதால் இன்னும் வாங்குகிறார்கள். எல்லா வகை அஸ்பெஸ்ரஸும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சிற்பக்கூடத்தில் வெட்டுவதும் துளைப்பதும் நடக்கும், அந்தத் தூசு அங்கே வேண்டவே வேண்டாம்.

எனக்குப் பிடித்த முன்மாதிரி, கட்டடக் கலைஞர் பிரான்சிஸ் கெரே 2001 இல் ஆபிரிக்காவின் புர்கினா பாசோவில், தான் பிறந்த கண்டோ ஊரில் கட்டிய பாடசாலை. சுவர் சிறிதளவு சீமெந்து கலந்த மண் கல். மேலே மண்ணாலான உட்கூரை, அதற்கு மேலே கம்பிச் சட்டத்தில் உயர்த்திய தகரம். இடையில் காற்று ஓடிச் சூட்டைக் கொண்டுபோய்விடும். அவருக்கு 2022 இல் கட்டடக்கலையின் உயர்ந்த விருதான பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்தது. அங்கும் நம்மைப் போலவே கொதிக்கிற கோடை, கொட்டுகிற மழை, கையில் தகரம். இங்கே மண் உட்கூரைக்குப் பதிலாகப் பனையோலைப் பாயை இறுக்கிக் கட்டலாம். போரக்ஸும் போரிக் அமிலமும் கரைத்த தண்ணீரில் ஊறவைத்துக் காயவிட்டால் பூச்சியும் கறையானும் இலகுவில் அண்டாது. பழைய வீடு உடைக்கிற இடத்தில் நல்ல ஓடு கிடைத்தால் தகரமே தேவையில்லை.

கரி குறைந்த சீமெந்து பற்றிக் கேட்டிருந்தீர்கள். சுண்ணாம்புக் கல்லை ஏறத்தாழ 1,450 பாகை செல்சியஸில் சுடும்போது கல்லுக்குள் இருந்தே காபனீரொட்சைட்டு வெளியேறும். எரிபொருளை மாற்றினாலும் அந்தப் பங்கு குறையாது. உலகம் வெளிவிடும் காபனீரொட்சைட்டில் 7, 8 வீதம் சீமெந்தினால் வருவதற்குப் பெரிய காரணம் இதுதான். சுவிற்சர்லாந்து, கியூபா, இந்தியா ஆகிய நாடுகளின் ஆய்வாளர்கள் சேர்ந்து வளர்த்த எல்.சி.3 சீமெந்தில் சுட்ட சுண்ணாம்புக் கலவை பாதிதான். மிச்சத்தில் பெரும்பகுதி 700 முதல் 850 பாகையில் சுட்ட களியும், சுடாத சுண்ணாம்புத் தூளும். வெளியேற்றம் 40 வீதம் வரை குறையும். உங்கள் கூடத்துக்கு அதைத் தேடி அலைய வேண்டாம். நுரைச்சோலை அனல்மின் நிலையத்துச் சாம்பல் கலந்த சீமெந்து இலங்கையில் விற்கிறது, கட்டுக்கும் பூச்சுக்கும் அது போதும்.

நம்மிடம் வீணாகிற ஒன்று உமி. நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி, உமியில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல், அந்தச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. 700 பாகைக்கு மேலே போகாமல் எரித்து நன்றாக அரைத்தால் சீமெந்தில் பத்தில் ஒரு பங்கை மாற்றலாம். ஆலைக்குப் பின்னால் குவிந்து கிடக்கிற கறுத்த சாம்பலை அப்படியே கலக்காதீர்கள், வலு வராது. மட்பாண்டம் செய்பவராக இருந்தால் உமிச் சாம்பல் உங்களுக்குப் பொக்கிஷம். மெருகுக் கலவைக்குத் தேவையான சிலிக்கா காசில்லாமல் கிடைக்கிறது.

காளான் கல் உண்மையிலேயே அழகான பொருள். 2014 இல் நியூயோர்க்கில் ‘ஹை-ஃபை’ என்ற கோபுரத்தைச் சோளத் தட்டையில் காளான் இழை வளர்த்த 10,000 அளவு கற்களால் கட்டினார்கள். ஒரு கோடைக்கு நின்றது, பிறகு உரமாக்கினார்கள். ஒரு பருவத்துக்கென்றே வடிவமைத்த கோபுரம் அது. நம் மாரியில் அந்தக் கல் நீரை உறிஞ்சும், கறையான் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் சிற்ப அச்சுக்கும், மேடை அலங்காரத்துக்கும், ஒலியை அடக்கும் பலகைக்கும், ரெஜிபோமை விட எவ்வளவோ மேல். வைக்கோலில் சிப்பிக் காளான் வளர்க்கிற வீடுகள் இங்கே உண்டு. அவித்த வைக்கோலில் காளான் விதையைக் கலந்து, அச்சுக்குள் அடைத்து, வெண்ணிற இழை முழுக்கப் பிடித்ததும் சூட்டில் உலர்த்திவிட்டால் வளர்ச்சி நின்று உருவம் இறுகும்.

நிறத்துக்கு உங்கள் காணி மண்ணே போதும். செம்மண்ணை வாளியில் கரைத்து, மணல் அடியில் தங்கியதும் மேல்தண்ணீரை வேறு பாத்திரத்தில் ஊற்றி வற்ற விட்டால் வழவழப்பான காவி கிடைக்கும். அது மண்ணில் உள்ள இரும்பால் வரும் நிறம் என்பதால் சுண்ணாம்புப் பூச்சில் மங்காது. மஞ்சள் போன்ற தாவரச் சாயம் சுண்ணாம்பில் நிறம் மாறும், வெயிலில் போய்விடும். தயிரைப் பிழிந்தெடுத்த கட்டியோடு நீற்றுச் சுண்ணாம்பைக் குழைத்தால் தண்ணீரில் கரையாத பசை. அதில் இந்தக் காவியைக் கலந்து உட்சுவரில் தீட்டலாம்.

மரத்துக்குப் பனை. வைரம் பாய்ந்த பனஞ்சிலாகை, அதாவது கூரைக்குப் போடும் பனைமரச் சட்டம், பல தலைமுறை நிற்கும் என்பதற்கு நம் பழைய வீடுகளே சாட்சி. ஆனால் போரில் எத்தனை பனை செல்லடியில் தலை இழந்தன, எத்தனை பதுங்கு குழிக்கு மேலே போயின என்பதை நாம் பார்த்திருக்கிறோம். நிற்கிற பனையை வெட்ட அனுமதி வேண்டும், வெட்டவும் வேண்டாம். உடைக்கிற வீடுகளின் பழைய சிலாகையை இப்போதே சொல்லி வையுங்கள். மண் சோதனையை மாரி முடிந்ததும் தொடங்கினால், அடுத்த ஐப்பசிக்கு முன் கூரை ஏற்றிவிடலாம்.