மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ் ஓவர்கரண்ட் (அளவுக்கு மீறிய கரண்ட்) காட்டி நின்றுவிடுகிறது, எங்கிருந்து பார்ப்பது?

மோட்டாரை ஸ்டார்ட் செய்ததுமே டிரிப் ஆகிறது என்கிறீர்கள். சரி, முதலில் சப்ளையை நிறுத்திப் பூட்டுப் போடுங்கள். டிஸ்பிளே அணைந்துவிட்டதே என்று கை வைக்காதீர்கள்; 400 வோல்ட் டிரைவின் டிசி பஸ் (உள்ளே ஏசியை டிசியாக்கித் தேக்கும் பகுதி) கெப்பாசிட்டரில் சுமார் 565 வோல்ட் தேங்கியிருக்கும். டிரைவின் மேல் எழுதியுள்ள நிமிடங்கள் காத்திருந்து, டிசி பிளஸ், மைனஸ் முனைகளை மீட்டரால் அளந்த பிறகே தொடுங்கள். மீட்டரே பழுதாயிருக்கலாம், அளப்பதற்கு முன்னும் பின்னும் வேறொரு லைவ் முனையில் அதைச் சோதித்துவிடுங்கள்.

அப்புறம் மோட்டாருக்குப் போகும் யு, வி, டபிள்யூ கேபிளைக் கழற்றி, மூடியைப் போட்டு, வி/எஃப் முறையில் (வோல்டேஜும் ஃப்ரீக்வென்சியும் ஒரே விகிதத்தில் ஏறும் எளிய முறை) டிரைவை மட்டும் ஓட்டுங்கள். அப்போதும் டிரிப் ஆனால் பழுது பெரும்பாலும் உள்ளேதான். ஓடினால் கேபிளையும் மோட்டாரையும் மெக்கர் (உயர் வோல்டேஜ் கொடுத்து இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) செய்யலாம். டிரைவில் மாட்டியபடி மெக்கர் வேண்டவே வேண்டாம், உள்ளே கரண்டை ஸ்விட்ச் செய்யும் ஐஜிபிடி போய்விடும். அவையும் நன்றாக இருந்தால், லோடு இறுகியிருக்கிறதா, ஆக்சிலரேஷன் நேரம் (வேகம் ஏற டிரைவில் வைத்த நேரம்) மிகக் குறைவா என்று பாருங்கள்.