சட்டக் கல்லூரி மாணவர்கள் எங்கள் கிணற்றுக்காக வழக்குப் போடுவார்களா?

கேள்வி: ஆம்பூர் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தென்னந்தோப்பு. நான்கு மாதத்துக்கு முன் தோல் தொழிற்சாலைக் கழிவுநீரை ஓடையில் திறந்துவிட்டார்கள். அன்றிலிருந்து கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியவில்லை. சட்டக் கல்லூரியின் இலவச சட்ட உதவி மையத்திலிருந்து மாணவர்கள் வந்து எழுதிக்கொண்டு போனார்கள். இப்போது கேட்டால் பரீட்சை என்கிறார்கள். காத்திருக்கலாமா? தனியார் ஆய்வகத்தில் எடுத்த தண்ணீர் அறிக்கை செல்லுமா?
- வாசகி, திருப்பத்தூர் மாவட்டம்

பதில்: காத்திருக்காதீர்கள், அம்மா. மாணவர்கள் மேல் குறை இல்லை. வழக்கறிஞராகப் பதிவு செய்யாதவர்கள் உங்களுக்காக வாதாட முடியாது, அவ்வளவுதான். உங்களுக்கு அவசரம் வேறு. சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில், அதற்கான 2010-ஆம் ஆண்டுச் சட்டம், பிரிவு 14-ன்படி, பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் 60 நாள். அதற்கு மேல் கிடையாது. 6 மாதம் என்பது கல்லூரியில் ஒரு செமஸ்டர். பரீட்சை, லீவு எல்லாம் முடிந்து அடுத்த பேட்ச் உங்கள் கோப்பைப் பிரிப்பதற்குள் கெடு தாண்டிவிடும். இழப்பீடு கேட்க பிரிவு 15-ல் 5 ஆண்டு இருக்கிறது. ஆனால் கழிவுநீரை நிறுத்தும் உத்தரவுதானே உங்களுக்கு முதலில் வேண்டும்?

அதற்காக அந்த மாணவர்களை விட்டுவிடாதீர்கள். நான் நடத்திய ஒரு வழக்கில் ஒரு மாணவி வீடு வீடாகப் போய், கிணற்றின் ஆழம், தண்ணீர் நிறம் மாறிய நாள், கேன் தண்ணீருக்கு மாதம் ஆகும் செலவு என்று நோட்டில் எழுதினாள். சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்த ரசீதுகளை ஒரு பாட்டி எடுத்துக் கொடுக்க, அவற்றைத் தேதிவாரியாக ஒட்டினாள். எங்கள் இழப்பீட்டுக் கணக்கே அந்த நோட்டிலிருந்துதான் பிறந்தது. என்னைப் போன்ற வக்கீல்களுக்கு அந்தப் பொறுமையும் நேரமும் இருப்பதில்லை. அவர்கள் எழுதியதற்கெல்லாம் நகல் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தொழிற்சாலைக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொடுத்த இசைவாணை (இயங்குவதற்கான அனுமதி), ஆய்வு அறிக்கைகளைக் கேட்டு ஆர்.டி.ஐ. மனுவும் அவர்களையே எழுதித் தரச் சொல்லுங்கள்.

தனியார் அறிக்கையைத் தாராளமாகத் தாக்கல் செய்யலாம். சாட்சியச் சட்ட விதிகள் தீர்ப்பாயத்தைக் கட்டுப்படுத்தாது. குடிநீரில் டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு) லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் (வேறு நீராதாரமே இல்லாவிட்டால் 2,000 வரை), குரோமியம் 0.05-க்குள் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். உங்கள் அறிக்கையை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆனால் 'எந்தக் கிணற்றில் மொண்டது, யார் பார்த்தது?' என்று எதிர்த்தரப்பு கட்டாயம் கேட்கும். அதனால் இன்றே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்டில் புகார் அனுப்புங்கள். ஆலை வெளியேற்றும் கழிவுநீரை, நீர்ச் சட்டம் 1974, பிரிவு 21-ன்படி மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். சட்டப்படி அறிவிப்புக் கொடுத்து, ஆலைத் தரப்பின் முன்னிலையில் முத்திரையிட்டு எடுத்த மாதிரியை அவர்களால் எளிதில் மறுக்க முடியாது.

தூய நீர் உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே சொல்லிவிட்டது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று 1996-ல் வேலூர் தோல் ஆலை வழக்கில் சொன்னது உங்கள் பாலாற்றுக்காகத்தான். அதே பாலாற்று மக்களுக்கு இழப்பீடு கொடுக்கச் சொல்லி 30.1.2025 அன்று மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது. இத்தனை ஆண்டு கழித்தும் இப்படி என்பதைப் படித்தபோது எனக்கு மனது ஆறவில்லை. உரிமை இருக்கிறது என்ற நம்பிக்கையில் தேதியைத் தவறவிடாதீர்கள் என்று அழுத்திச் சொல்வது அதனால்தான்.

இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். பெண் என்பதால், வருமானம் எவ்வளவு இருந்தாலும் உங்களுக்கு இலவச வழக்கறிஞர் உண்டு. இலவச சட்ட உதவி எண் 15100-க்குப் போன் செய்யுங்கள், அல்லது வட்ட சட்டப் பணிகள் குழு அலுவலகத்துக்கு நேரில் போங்கள். போகும்போது அந்த மாணவர்களில் ஒருவரையும் கூட்டிப் போங்கள். உங்கள் கிணற்றை நேரில் பார்த்தவர் விவரம் சொன்னால் வழக்கறிஞருக்கு மனு எழுதுவது எளிது.