டிரைவர் சீட் காலி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மனுஷனுக்கு டெஸ்ட் வெச்சு லைசென்ஸ் கொடுக்கிற மாதிரி தானா ஓடுற காருக்கும் ஒரு டெஸ்ட் வெச்சு ரோட்டுல விட்டுடலாமே, ஏன் இவ்ளோ இழுக்கிறாங்க?

பதில்: மனுஷனுக்கு அந்தச் சின்ன டெஸ்ட் போதும்னு விடுறதே, குறுக்க வந்தது ஆடா மாடா ஆளான்னு புரியலைன்னாலும் அவன் கால் தானா பிரேக்குக்குப் போயிடும்ங்கிற நம்பிக்கைலதான். கம்ப்யூட்டரை அப்படி நம்ப முடியல. 2018 மார்ச்ல அமெரிக்காவுல, அரிசோனா மாநிலம் டெம்பில, ராத்திரி சைக்கிளைத் தள்ளிக்கிட்டு ரோட்டைக் கடந்த ஒரு பெண் மேல ஊபரோட தானா ஓடுற டெஸ்ட் கார் மோதி அவங்க இறந்துட்டாங்க. விசாரிச்சுப் பாத்தா, மோதுறதுக்கு 5.6 செகண்ட் முன்னாடியே கார் அவங்களப் பாத்திருச்சு! மனசுக்குள்ள ஒண்ணு ரெண்டுன்னு எண்ணிப் பாருங்க, அது எவ்ளோ நேரம்னு தெரியும். அவ்ளோ நேரமும் காரா, சைக்கிளா, வேற ஏதாச்சுமான்னு மாத்தி மாத்தி முடிவு பண்ணிக்கிட்டு இருந்திருக்கு, ஒவ்வொரு தடவை மாத்தும்போதும் இது எந்தப் பக்கம் நகருதுங்கிற பழைய கணக்கை அழிச்சிட்டுப் புதுசா ஆரம்பிச்சிருக்கு, கிராசிங் இல்லாத இடத்துலயும் ஆள் நடப்பாங்கங்கிற எண்ணமே அந்த புரோகிராமுக்கு இல்ல. கொடுமை என்னன்னா, அந்த வோல்வோ கார்ல ஏற்கனவே இருந்த ஆட்டோமேடிக் பிரேக்க, தானா ஓடும்போது ஆஃப் பண்ணி வெச்சிருந்தாங்க. இதெல்லாம் எந்த டெஸ்ட்ல தெரியும் சொல்லுங்க.

கேள்வி: விபத்தே இல்லாம நிறைய தூரம் ஓட்டிக் காட்டினா?

பதில்: 2016ல ரேண்ட் ஆய்வு நிறுவனம் இதைக் கணக்குப் போட்டுச்சு. உயிர்ச்சேதத்துல மனுஷ டிரைவரை விட மோசமில்லன்னு ஓட்டியே நிரூபிக்கணும்னா, ஒரு சாவு கூட இல்லாம 27.5 கோடி மைல் ஓடணும். 100 கார் ராத்திரி பகலா ஓடினாலும் பன்னெண்டரை வருஷம். நடுவுல சாஃப்ட்வேர் அப்டேட் வந்தா அது பழைய காரேதானான்னு வேற ஒரு சண்டை!

கேள்வி: மோதினா யாரைப் பிடிக்கிறது?

பதில்: டெம்பி கேஸ்ல கம்பெனி மேல கிரிமினல் கேஸ் வரல. காரைக் கவனிச்சுக்கச் சொல்லி சீட்ல உக்கார வெச்சும் செல்ஃபோனைப் பாத்துக்கிட்டிருந்த டிரைவர்தான் மாட்டினாங்க, 2023ல குத்தத்தை ஒத்துக்கிட்டாங்க. பிரிட்டன்ல 2024ல போட்ட சட்டம் எனக்குப் பிடிச்சிருக்கு, கார் தானா ஓடுறப்போ அது ஓட்டின விதத்துக்கு உள்ள உக்காந்திருக்கறவர் மேல கேஸ் கிடையாது, அனுமதி வாங்கின கம்பெனிதான் பதில் சொல்லணும்.

ஆனா ஒண்ணு, நடந்ததை கம்பெனி மறைச்சா எந்தச் சட்டமும் வேலைக்கு ஆகாது. 2023 அக்டோபர்ல சான் ஃபிரான்சிஸ்கோல வேற ஒரு கார் இடிச்சுத் தள்ளின பெண், குரூஸ் கம்பெனியோட ரோபோ டாக்ஸி முன்னாடி வந்து விழுந்தாங்க. அதுவும் மோதி நின்னுச்சு, அப்புறம் ஓரமா நிறுத்தறேன்னு அவங்களை அடியில வெச்சே சுமார் 20 அடி இழுத்துக்கிட்டுப் போச்சு. அரசாங்கத்துக்கு எழுதின ரிப்போர்ட்ல அந்த இழுத்த விஷயத்தையே காணோம். பொய் ரிப்போர்ட்தான்னு 2024ல கம்பெனியே ஒத்துக்கிட்டு 5 லட்சம் டாலர் அபராதம் கட்டிச்சு. என்னைக் கேட்டா, மோதினதுக்கு உள்ள தண்டனைய விட மறைச்சதுக்குப் பெருசா இருக்கணும்.

கேள்வி: நீங்க அதுல ஏறுவீங்களா?

பதில்: பின் சீட்டுன்னா ஏறுவேன். ஸ்டியரிங் முன்னாடி உக்கார வெச்சு, "நீங்க படம் பாருங்க, தேவைப்பட்டா கூப்பிடுறேன்"னு சொல்ற கார்னா மாட்டேன். 2020ல ஐ.நா. போட்ட விதில, கார் கூப்பிட்டதும் நாம ஸ்டியரிங்கப் பிடிக்க 10 செகண்ட் டைம் இருக்கு. எனக்கு மூக்குக் கண்ணாடியைத் தேடவே அதுக்கு மேல ஆகும்.