வெள்ளம் வடிந்த வீடு: வாசகர் கேள்விகள்

முழங்கால் அளவு தண்ணீர் வடிந்துவிட்டது. ஃபிரிட்ஜ் ஓடுகிறதா என்று போட்டுப் பார்க்கலாமா? (வேளச்சேரி)

கூடாது. மெயின் சுவிட்ச் அணைந்தே இருக்கட்டும். எலக்ட்ரீஷியன் பிளக் பாயின்ட்களைக் கழற்றிச் சேற்றைத் துடைத்து, மெக்கர் (ஒயர்களில் மின்கசிவு இருக்கிறதா என்று அளக்கும் கருவி) வைத்துச் சோதித்த பிறகுதான் மின்சாரம்.

சம்ப்பை (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி) இரண்டு முறை இறைத்துவிட்டோம். போதுமா? (முடிச்சூர்)

போதாது. சாக்கடை கலந்த தண்ணீர் அது. வண்டலை வெளியேற்றுங்கள். உள்ளே இறங்காமல், நீளக் கைப்பிடித் துடைப்பத்தால் மேலிருந்தே சுவரைத் தேயுங்கள். மூடிக் கிடந்த சம்ப்பில் மூச்சு முட்டி இறந்தவர்கள் உண்டு. பிறகு நீர் நிரப்பி, 1,000 லிட்டருக்குச் சுமார் 150 கிராம் புதிய பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து, தெளிவை மட்டும் ஊற்றுங்கள். ஓர் இரவு விட்டு, முழுவதையும் வெளியேற்றிவிட்டுப் புது நீர் பிடியுங்கள்.

தரைக் கறைக்கு ஆசிட் ஊற்றலாமா?

பிளீச்சிங் பவுடர் தூவிய தரையில் ஒருபோதும் ஊற்றாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஒவ்வொரு மழைக்காலத்திலும் இதைச் சொல்கிறேன், இனியும் சொல்வேன்.

சுவரெல்லாம் ஈரம். என்ன செய்வது?

எத்தனை அடி நின்றது, எத்தனை நாள் நின்றது, செங்கல் சுவரா என்று ஒன்றுமே எழுதாமல் கேட்டால் நான் எதை வைத்துச் சொல்வது? அடுத்த பதிலைப் படியுங்கள்.

இரண்டு அடி தண்ணீர் நான்கு நாள் நின்றது. ஈரம் தாங்கும் பூச்சு அடித்து, பட்டி (பெயின்ட்டுக்கு முன் சுவரைச் சமப்படுத்தும் பூச்சு) பார்த்து, பொங்கலுக்குள் பெயின்ட் முடித்துத் தருவதாகக் காண்டிராக்டர் சொல்கிறார். சரியா? (மேற்குத் தாம்பரம்)

சரியில்லை. டிசம்பரில் நனைந்த சுவருக்கு ஜனவரியில் பட்டி பார்ப்பது பணத்தைத் தண்ணீரில் போடுவது. செங்கல் நீரை மேல்நோக்கி உறிஞ்சும். இரண்டடி நின்றால் மூன்றடிக்கு மேலும் ஈரம் ஏறியிருக்கும். மேற்பூச்சு காய்ந்ததுபோல் தெரிந்தாலும் ஒன்பது அங்குலச் சுவரின் நடுவில் ஈரம் அப்படியே இருக்கும். அதன்மேல் எந்தப் பூச்சை அடித்தாலும் ஈரம் வெளியேற வழியடைத்துவிடுகிறீர்கள். 2015 வெள்ளத்துக்குப் பின் இப்படி அவசரமாக வெள்ளையடித்த ஒரு வீட்டுக்குச் சித்திரையில் போயிருந்தேன். சுவரைத் தட்டினால் பொத்துப்பொத்தென்றது. நகம் பட்டதும் பட்டி உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்து விழுந்தது; பின்னால் உப்பு பஞ்சுபோல் பூத்திருந்தது. கடன் வாங்கி அடித்த பெயின்ட் அது. அந்த அம்மாள் முகத்தை நான் மறக்கவில்லை.

இரண்டடிக்கு இரண்டடி பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். உட்புறம் வியர்த்தால் பட்டியைத் தொடாதீர்கள். சன்னல்களைத் திறந்து வையுங்கள், அலமாரிகளைச் சுவரிலிருந்து அரையடி தள்ளுங்கள், பூத்த உப்பைத் தண்ணீர் படாமல் உலர்ந்த பிரஷ்ஷால் தேயுங்கள். இரண்டு மூன்று மாதம் ஆகும். பொங்கலுக்கு வாசலில் கோலம் போதும்.

பார்ட்டிகிள் போர்டு அலமாரி உப்பிவிட்டது.

எறிந்துவிடுங்கள். தேக்கு என்றால் நிழலில் உலர்த்துங்கள்.

கல்யாண ஆல்பம் நனைந்து ஒட்டிக்கொண்டது. (பள்ளிக்கரணை)

இழுத்துப் பிரிக்காதீர்கள், வெயிலில் வைக்காதீர்கள். சுத்தமான குளிர்ந்த நீரில் சற்று ஊறவிட்டால் படங்கள் பெரும்பாலும் தாமாகவே விலகும். முகம் மேலே பார்க்க நிழலில் பரப்புங்கள். இன்று நேரமில்லை என்றால் பாலித்தீன் பையில் கட்டி, மின்சாரம் இருக்கும் உறவினர் வீட்டு ஃபிரீசரில் வைத்துவிடுங்கள். உங்கள் வீட்டு மெயின் சுவிட்சைத் தொடவேண்டாம்.