ஆண்டு எழுதிய போத்தல்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, பாரிசில் இருக்கிற என் பெறாமகன் மகளின் கலியாணத்துக்கு வந்தபோது ஒரு ஷாம்பெயின் போத்தல் தந்தான். பொலஞ்சே, லா கிராண்ட் அன்னே, 2014 என்று எழுதியிருக்கிறது. போன தடவை கொண்டுவந்ததும் இதே பொலஞ்சேதான், ஆனால் ஆண்டு இல்லை. இது அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் விலை என்கிறான். ஒரு ஆண்டை எழுதினால் இவ்வளவு கூடுமா?
வாசகர், கோண்டாவில்

பதில்: கூடும், அதில் நியாயமும் இருக்கிறது. ஷாம்பெயின் பகுதி பாரிசுக்குக் கிழக்கே ரெயிம்ஸ், எப்பர்னே என்ற ஊர்களைச் சுற்றி இருக்கிறது. பெறாமகன் லா சப்பல் பக்கம் இருந்தால் கார் து லெஸ்ட்டில் வேக ரயில் ஏறி முக்கால் மணித்தியாலத்தில் ரெயிம்ஸில் இறங்கலாம். முந்திரிகைக்கு அது குளிர் கூடின இடம். வசந்தத்தில் உறைபனி மொட்டைக் கருக்கும், பழுக்கிற நேரத்தில் சில வருடம் மழை விடாது, ஒரு வருடம் பழம் இனிக்கும், அடுத்த வருடம் புளிக்கும். உங்கள் பக்கத்தில் முந்திரிகைப் பந்தல் போட்டவர்களுக்கு அந்த நேரத்து மழை என்ன செய்யும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அதனால் அங்குள்ள கொம்பனிகள் முந்தின வருடங்களின் வைனைச் சேமித்து வைத்து, புதியதோடு கலந்து, எந்த வருடமும் ஒரே சுவை வரும்படி செய்கின்றன. போன தடவை வந்த போத்தல் அந்த வகை. அதைக் குறைவாக நினைக்க வேண்டாம், கலப்பதுதான் அந்தத் தொழிலில் ஆகக் கடினமான வேலை.

ஆண்டு போட்டால் முழுக்க அந்த ஒரு வருட அறுவடை மட்டும்தான். சட்டப்படி ஆண்டில்லாதது நிலவறையில் குறைந்தது 15 மாதம் கிடக்க வேண்டும், ஆண்டு போட்டது 3 வருடம். பொலஞ்சே லா கிராண்ட் அன்னேயை அதற்கும் இரண்டு மடங்குக்கு மேல் வைத்திருக்கிறது. அதுவும் விளைச்சல் நல்லது என்று அவர்களுக்குத் திருப்தி வந்த வருடத்தில் மட்டும். திருப்தி இல்லையென்றால் அந்த வருடத்துக்கு லா கிராண்ட் அன்னே என்று ஒன்றே கிடையாது. விற்றால் போகக்கூடிய பெயரை விற்காமல் விடுகிற அந்த ஒழுக்கத்துக்குத்தான் நான் மரியாதை கொடுப்பேன்.

அந்தக் கொம்பனியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1829 இல் அயி என்ற ஊரில் தொடங்கியது. நிலம் வைத்திருந்த பிரபு வில்லெர்மோன் தன் குலப்பெயரை வியாபாரத்தில் போட முடியாத காலம் என்பதால், கூட்டாளிகளான ரெனோடன், பொலஞ்சே என்ற இருவரின் பெயரில் நடத்தினார்கள். 1941 இல், ஜெர்மன் படை நாட்டைப் பிடித்து வைத்திருந்த நேரத்தில், குடும்பத் தலைவர் இறந்துபோக, அவர் மனைவி லிலி பொலஞ்சே பொறுப்பெடுத்தார். பெற்றோல் கிடைக்காத அந்த நாட்களில் சைக்கிளில் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பார்த்தவர், 1971 வரை கொம்பனியை நடத்தினார். பழைய முறைகள் இன்றும் அங்கே நிற்கின்றன. லா கிராண்ட் அன்னேயின் வைன் பழைய சிறிய ஓக் பீப்பாக்களில் நொதிக்கிறது. நிலவறையில் கிடக்கும் காலத்தில் மற்றவர்கள் பெரும்பாலும் சோடாப் போத்தலுக்குப் போடுகிற தகர மூடியைப் போட, இவர்கள் தக்கை போடுகிறார்கள். தக்கை போட்டால் பிறகு அடியில் தங்கிய வண்டலை எடுக்க ஒவ்வொரு போத்தலையும் கையால்தான் திறக்க வேண்டும், இவர்கள் அப்படியே திறக்கிறார்கள்.

கேள்வி: அந்த நுரை எப்படி வருகிறது? சோடாவுக்கு மாதிரி காஸ் அடிக்கிறார்களா?
வாசகி, சாவகச்சேரி

பதில்: இல்லை அம்மா, போத்தலுக்குள்ளேயே பிறக்கிறது. கள்ளு முட்டியில் நுரைப்பதும் இதே காஸ்தான், ஆனால் முட்டியின் வாய் திறந்திருப்பதால் அது காற்றோடு போய்விடுகிறது. ஷாம்பெயினில் ஒருமுறை நொதித்து முடிந்த வைனைப் போத்தலில் விட்டு, கொஞ்சம் சீனியும் ஈஸ்டும் சேர்த்து இறுக்கி மூடுகிறார்கள். உள்ளே மறுபடியும் நொதிக்கும்போது காஸ் வெளியே போக வழியில்லாமல் வைனிலேயே கரைகிறது, அழுத்தம் 6 வளிமண்டலம் அளவுக்கு ஏறும், கார் டயரில் இருப்பதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். செத்த ஈஸ்ட் அடியில் வண்டலாகத் தங்கும். வருடக்கணக்காக அதோடு கிடப்பதால்தான் நல்ல ஷாம்பெயினில் பாண் வாசமும் வறுத்த பருப்பு வாசமும் வருகின்றன.

அப்புறம் வண்டலை எடுக்க வேண்டுமே! துளையிட்ட சாய்பலகையில் போத்தல்களைக் குத்தி, நாளாக நாளாகத் திருப்பித் தலைகீழாக்கி, வண்டலைக் கழுத்துக்கு இறக்குகிற முறையை ஏறத்தாழ 1816 இல் கொண்டுவந்தது கிளிக்கோ கொம்பனி. நடத்தியவர் 27 வயதில் கணவனை இழந்த பெண். ஆண்டு குறித்த ஷாம்பெயினை 1810 இல் முதலில் செய்தவர் என்றும் அவரைத்தான் சொல்கிறார்கள். இந்தத் தொழிலின் வரலாற்றில் விதவைகளின் உழைப்பு நிறைய இருக்கிறது, அதை எழுதாமல் ஷாம்பெயினைப் பற்றி எழுதக்கூடாது.

கேள்வி: ஷாம்பெயினைக் கண்டுபிடித்தது டொம் பெரின்யோன் என்ற துறவியா?
வாசகர், பருத்தித்துறை

பதில்: இல்லை. ஓவில்லே மடத்தில் இருந்த அவர் (1638–1715) நல்ல வைன்காரர், பல தோட்டத்துப் பழங்களைக் கலப்பதில் கெட்டிக்காரர். அவர் காலத்தில் நுரை ஒரு குறை, அதை வரவிடாமல் பார்ப்பதுதான் வேலை. அவர் பெயரில் மொயே கொம்பனி செய்கிற ஷாம்பெயினின் முதல் ஆண்டு 1921, விற்பனைக்கு வந்தது 1936 இல்.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து வந்த ஷாம்பெயினைச் சோகேசில் அழகுக்கு வைத்திருக்கிறோம். பழசாகப் பழசாக நல்லதுதானே?
வாசகி, மானிப்பாய்

பதில்: எங்கள் ஊரில் இல்லை, தயவுசெய்து இன்றே எடுத்துவிடுங்கள். ரெயிம்ஸில் சுண்ணக்கல்லைக் குடைந்த நிலவறைகளில் வருடம் முழுக்க 10, 12 பாகை குளிரும் இருட்டும் இருக்கும், அங்கேதான் அது பழசாகி நன்றாகும். இங்கே சித்திரை வெயிலில் கொங்கிறீட் கூரைக்குக் கீழே நிற்கிற போத்தல் சில மாதத்திலேயே வதங்கிப்போகும். வெளிச்சமும் கெடுக்கும், ரூடெரர் கொம்பனி கிறிஸ்டல் என்ற தன் வெள்ளைக் கண்ணாடிப் போத்தலை நிறத்தாளில் சுற்றி அனுப்புவது அதற்காகத்தான். பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள், நல்ல நாள் ஒன்று வரும்போது குடிப்பவர்கள் இருந்தால் திறந்துவிடுங்கள். கோண்டாவில் வாசகருக்கும் இதையேதான் சொல்வேன். ஒரு வருடத்து வெயிலையும் மழையையும் இத்தனை பேர் இவ்வளவு கவனமாகப் போத்தலில் அடைத்திருக்க, அதைக் கண்ணாடிக்குப் பின்னால் சாகவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

கேள்வி: நண்டுக் கறியோடு குடிக்கலாமா? எப்படித் திறப்பது?
வாசகர், குருநகர்

பதில்: எங்கள் உறைப்பு நண்டுக் கறி வேண்டாம், மிளகாய் நாக்கை மூடிவிடும், வைனின் சுவை தெரியாது. கணவாய்ப் பொரியல், இறால் பொரியல், உழுந்து வடை நல்ல பொருத்தம், எண்ணெய்ப் பிசுக்கை அதன் புளிப்பு வெட்டும். பிரிட்ஜில் மூன்று, நான்கு மணித்தியாலம் வைத்து எடுங்கள், குலுக்க வேண்டாம். கம்பியை ஆறு அரைச் சுற்றுச் சுற்றினால் தளரும், அந்த நேரத்திலிருந்து பெருவிரலைத் தக்கையிலிருந்து எடுக்கக்கூடாது. தக்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு போத்தலை மெதுவாகத் திருப்புங்கள். வாய் ஒருவர் முகத்துக்கும் நேரே இருக்கக்கூடாது, பறக்கிற தக்கையால் கண் போனவர்கள் இருக்கிறார்கள்.